சத்தம் போடாத வரிகள்

டிசம்பர் வந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் கீபோர்டு வாசிக்கிறவனுக்குத் தூக்கம் கிடையாது. கேரல் ஆராதனை, கேரல் ரவுண்ட்ஸ், நடுவில் யார் வீட்டிலாவது கல்யாண வரவேற்பு. எல்லா இடத்துக்கும் டிரம்மரையும் பேஸ் கிட்டார்காரரையும் கூட்டிக்கொண்டு போகக் காசு இருக்காது. அதனால் கீபோர்டின் சீக்வென்சரிலேயே ரிதம், பேஸ், ஸ்டிரிங்ஸ் எல்லாவற்றையும் முன்கூட்டிப் பதிந்துவைத்து ஓடவிட்டு, மேலே ஒருவர் மட்டும் கையால் வாசிப்போம்.

அப்படி ஒரு பாட்டை மார்த்தாண்டம் பக்கத்தில் தயார் செய்துகொண்டிருந்தபோது வந்தது இந்தக் கோளாறு. முதலிலிருந்து ஓடவிட்டால் 33ஆவது பாருக்கு (தாளச் சுற்றுக்கு) மேல் வயலின் சுருதி விலகிக் கேட்டது. ரொம்ப இல்லை, பாடுகிற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. சரி, அந்த இடத்தை மட்டும் கேட்போம் என்று 34ஆவது பாரிலிருந்து ஓட்டினேன். சுத்தமாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். மறுபடி விலகல். “மெஷின் சூடாயிட்டு மக்கா, கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிப் போடு” என்றார் கொயர் மாஸ்டர்.

ஆஃப் செய்திருந்தாலும் அது சரியாகியிருக்காது. வயலின் டிராக்கின் இவென்ட் லிஸ்டை, அதாவது பதிந்ததை வரி வரியாகக் காட்டும் பட்டியலைத் திறந்து, 33ஆவது பார் வரை இறங்கிப் பார்த்தேன். நோட்டுகள் எல்லாம் சரியாக இருந்தன. அவற்றுக்கு நடுவே பிட்ச் பெண்ட் வரிகள் கொஞ்சம், அதாவது சுருதியை ஏற்றி இறக்கும் வீலை அசைத்ததன் பதிவுகள். கடைசி வரியில் பிளஸ் 1024 என்று இருந்தது. அதற்குக் கீழே பாட்டு முடியும்வரை பிட்ச் பெண்ட் என்று ஒரு வரிகூட இல்லை.

கீபோர்டு சீக்வென்சரில் பதிந்ததைத் திருத்துவது என்றால் பலரும் தப்பான நோட்டை மாற்றுவது என்றுதான் நினைக்கிறார்கள். தப்பான நோட்டு காதில் உடனே விழும், திருத்த அரை நிமிஷம் போதும். மணிக்கணக்கில் ஆளைச் சுற்றவைப்பவை சத்தமே போடாத வரிகள். இந்தக் கட்டுரையில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான்.

முதலில், பதிவாவது என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். சீக்வென்சர் ஓசையைப் பதிவதில்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களை ஒருவர் தட்டுகிறார், நீங்கள் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். எந்தத் தூண், எந்த நேரத்தில், எவ்வளவு பலமாக, எப்போது கைவைத்து ஒலியை நிறுத்தினார் என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள். உங்கள் தாளில் சத்தம் இல்லை. ஆனால் அந்தத் தாளைப் பார்த்து இன்னொருவர் அப்படியே தட்ட முடியும். நடுவில் ஒரு தூணின் பெயரை அடித்து வேறு பெயர் எழுதினால் பாட்டு மாறும். மிடி என்பது அந்தத் தாளை எழுதுவதற்கான பொதுமொழி.

அந்த மொழி வந்த கதை சுருக்கமானது. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் புராஃபெட்-600 என்ற கருவியையும் ரோலண்டின் ஜூப்பிட்டர்-6 என்ற கருவியையும் ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலிப்பதைக் காட்டினார்கள். இதற்குப் பாடுபட்ட டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷிக்கும் 2013இல் டெக்னிக்கல் கிராமி கொடுத்தார்கள். சீக்வென்சரையும் ஒலிகளையும் எஃபெக்டுகளையும் ஒரே பெட்டிக்குள் வைத்த வொர்க்ஸ்டேஷன்களில் பெரிய வெற்றி பெற்றது 1988இல் வந்த கோர்க் எம்1. யமஹா மோட்டிஃப் 2001இல் வந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கப்பட்டு, கைமாறிக் கைமாறி, இந்தத் தலைமுறைப் பெட்டிகள் இன்னும் நம் ஊர் மேடைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மிடியில் எதைப் பார்த்தாலும் 127 என்ற எண் வருவதற்குக் காரணம், ஒரு மதிப்புக்கு ஏழு பிட் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதுதான். ஏழு பிட்டில் 0 முதல் 127 வரை 128 மதிப்புகளை எழுதலாம். நோட்டு எண்ணும் அதற்குள்தான், அமுக்கிய வேகமான வெலாசிட்டியும் அதற்குள்தான்.

இவென்ட் லிஸ்டில் ஒரு நோட்டு வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: 012:3:238, ஈ3, 0:225, 96. பன்னிரண்டாவது பார், மூன்றாவது பீட், அதைத் தாண்டி 238 கிளாக் ஆனபோது ஈ கீ 96 வெலாசிட்டியில் அமுக்கப்பட்டது. 225 கிளாக் கழித்து விரல் எடுக்கப்பட்டது. இந்த 225ஐ யமஹா ‘கேட் டைம்’ என்கிறது. கேபிளில் போகும்போது இது ஒரே செய்தி இல்லை. அமுக்கியதற்கு ஒன்று, எடுத்ததற்கு ஒன்று என இரண்டு. லிஸ்டில் நமக்கு வசதியாக இரண்டையும் ஒரே வரியாகச் சேர்த்துக் காட்டுகிறார்கள்.

கிளாக் என்பது பீட்டைப் பொடிப்பொடியாக நறுக்கிய அளவு. மோட்டிஃபில் ஒரு பீட்டுக்கு 480, கோர்க் டிரைட்டனில் 192, ரோலண்ட் எக்ஸ்பி-80இல் 96. டெம்போ 90 என்றால் ஒரு பீட் 667 மில்லிசெகண்ட். அதை 480ஆல் வகுத்தால் ஒரு கிளாக் 1.4 மில்லிசெகண்ட். மேலே சொன்ன ஈ நோட்டு அரை பீட்டில், அதாவது 240இல் விழ வேண்டியது, 238இல் விழுந்திருக்கிறது. மூன்று மில்லிசெகண்ட்கூட இல்லை. இதைப் போய்த் திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகத் திருத்துகிறார்கள். காது அதைக் கேட்பதில்லை.

இனி நம் 33ஆவது பார்.

பிட்ச் பெண்டுக்கு ஏழு பிட் போதாது என்று பதினான்கு பிட் கொடுத்திருக்கிறார்கள்: 0 முதல் 16383 வரை, நடு 8192. திரையில் அதை மைனஸ் 8192, 0, பிளஸ் 8191 என்று காட்டுவார்கள். வழக்கமான அமைப்பில் வீலை முழுதாகத் தள்ளினால் இரண்டு செமிடோன் (பக்கத்துப் பக்கத்துக் கீகளின் இடைவெளி ஒரு செமிடோன்) ஏறும், அதாவது 200 சென்ட். 1024 என்பது 8192இல் எட்டில் ஒரு பங்கு. எனவே சுருதி 25 சென்ட், ஒரு செமிடோனில் கால் பங்கு, மேலே போய் நின்றுவிட்டது. தனியாகக் கேட்டால் தெரியாது. பியானோவோடு சேர்ந்தால் பல் கூசும்.

அது எப்படி வந்தது? 32, 33 ஆகிய இரண்டு பாரை மட்டும் பஞ்ச்-இன் செய்து மறுபடி வாசித்திருந்தேன். வயலினில் கடைசி நோட்டை இழுத்து இறக்கும்போது வீல் நடுவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அது போய்ச் சேர்வதற்குள் பஞ்ச்-அவுட் வந்து பதிவு நின்றுவிட்டது. ‘ஏற்றினான்’ என்பது பதிவாயிற்று, ‘பாதிக்கு மேல் இறக்கினான்’ என்பதும் பதிவாயிற்று, ‘முழுதாக விட்டான்’ என்பது பதிவாகவில்லை. அடுத்த கட்டளை வரும்வரை கருவி கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது அதன் சுபாவம்.

34இலிருந்து ஓட்டினால் சரியாக இருந்ததற்கும் இதுவே விளக்கம். ஸ்டாப் அமுக்கியதும் அந்தக் கருவி பெண்டை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. நடுவிலிருந்து தொடங்கும்போது முந்தைய பார்களில் என்ன கட்டளை நிலுவையில் இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படித் திரும்பிப் பார்க்கும் வசதியைச் ‘சேஸ்’ என்பார்கள். சில சீக்வென்சர்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. ‘முதலிலிருந்து ஓட்டினால் தப்பு, நடுவிலிருந்து ஓட்டினால் சரி’ என்று ஒரு கோளாறு இருந்தால் நோட்டுகளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நிலுவையில் நிற்கும் ஏதோ ஒரு வரியைத் தேடினால் போதும். எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு இன்செர்ட்: அந்தக் கடைசி நோட்டு முடிந்த இடத்தில் பிட்ச் பெண்ட் 0. கொயர் மாஸ்டர், சூடு ஆறிவிட்டது என்று இன்றைக்கும் நம்புகிறார்.

பெண்டைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, நம் இசையில் கமகம் இல்லாமல் வயலினோ நாகஸ்வரமோ ஒலிக்காது என்பதால் நாம் வீலை ஓயாமல் ஆட்டுவோம். ஒவ்வொரு சின்ன அசைவும் ஒரு வரி. ஒரு பல்லவி முழுக்க அசைத்தால் நோட்டு இருபது, பெண்ட் வரிகள் ஆயிரத்துக்குப் பக்கத்தில் போய்விடும். உள்ளேயே ஓடும்வரை தொல்லை இல்லை. பழைய ஐந்து முள் கேபிளில் இன்னொரு கருவிக்கு அனுப்பும்போதுதான் பிதுங்கும். அந்தக் கேபிளின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு பெண்ட் செய்தி போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் ஆகும். நூறு பெண்ட் செய்திகள் வரிசையில் நிற்கும்போது அதே கேபிளில் போக வேண்டிய கிக் டிரம் பின்னால் காத்து நிற்கும், தாளம் தள்ளாடும். மோட்டிஃபின் ஜாப் (திருத்த வேலைகள்) பட்டியலில் ‘தின் அவுட்’ என்று ஒன்று இருக்கிறது. அடர்ந்த கன்ட்ரோல் வரிகளைக் களை பறிப்பதுபோலக் குறைத்துவிடும், காதுக்கு வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது, கடலோரத்து ஆட்களுக்கு. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்றில் வருஷக்கணக்காக இருக்கும் கீபோர்டுகளில் வீலுக்கு உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் அழுக்கேறி, தொடாமலே சின்னச்சின்ன மதிப்புகளை அனுப்பத் தொடங்கும். பேஸ் டிராக்கில் நீங்கள் வீலைத் தொடவே இல்லை, ஆனாலும் லிஸ்டில் பிளஸ் 64, 0, பிளஸ் 64, 0 என்று கொட்டிக் கிடந்தால் கருவியைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. அதுவரை அந்த டிராக்கில் பிட்ச் பெண்ட் வரிகளை மட்டும் மொத்தமாக அழித்துவிடலாம்.

பெடலும் குவான்டைஸும்

மிடியில் பெடல், ஸ்லைடர் போன்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு கன்ட்ரோல் எண் உண்டு. நோட்டுகளை நீட்டி ஒலிக்கவைக்கும் சஸ்டெய்ன் பெடலுக்கு எண் 64. மதிப்பு 64ஓ அதற்கு மேலோ இருந்தால் அமுக்கியது, 63ஓ அதற்குக் கீழோ இருந்தால் எடுத்தது. பஞ்ச்-அவுட்டில் மாட்டிக்கொண்டு ‘எடுத்தது’ பதிவாகாமல் போனால் என்ன ஆகும் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா நோட்டும் ஒன்றின்மேல் ஒன்று தேங்கும். அதைவிட நுட்பமான ஒரு கண்ணி உண்டு. எனக்கே இது புரிய இரண்டு டிசம்பர் ஆயிற்று.

பியானோ கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளை) ஒருவர் கொஞ்சம் முந்தி வாசிக்கிறார். எல்லாமே சுமார் 30 கிளாக் முந்தி. மூன்றாவது பாரின் தொடக்கத்தில் விழ வேண்டிய கார்டு 2:4:450இல் விழுகிறது. அதை 1918 கிளாக் பிடித்திருந்து, 3:4:448இல் விரலை எடுக்கிறார். அடுத்த கார்டு 3:4:450இல். நல்ல வாசிப்பாளர் பெடலைப் புதிய கார்டு விழுந்த பிறகு மாற்றுவார். 3:4:452இல் எடுத்து, 3:4:472இல் திரும்ப அமுக்குகிறார். விரல் ஏற்கெனவே எடுத்தாயிற்று, பெடலும் மேலே வந்துவிட்டது. பழைய கார்டு அங்கே அடங்குகிறது. கேட்க அழகாக இருக்கும்.

இப்போது குவான்டைஸ் அடிக்கிறோம், அதாவது நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு இழுத்து நேராக்குகிறோம். கார்டுகள் 30 கிளாக் பின்னால் நகர்ந்து சரியாகப் பாரின் தொடக்கத்துக்கு வருகின்றன. கேட் டைம் மாறவில்லை என்பதால் முதல் கார்டு முடியும் இடமும் 30 கிளாக் நகர்ந்து 3:4:478 ஆகிறது. ஆனால் என் கருவியில் குவான்டைஸ் நோட்டுகளை மட்டுமே நகர்த்தும்; பெடல் வரிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். பெடல் 472இல் அமுக்கியாயிற்று. 478இல் ‘விரல்’ எடுக்கப்படும்போது பெடல் ஏற்கெனவே கீழே இருக்கிறது. பழைய கார்டு அடங்காமல் பெடலில் தொங்கிக்கொண்டு, புதிய கார்டின் அடியில் அடுத்த பெடல் மாற்றம்வரை ஒலிக்கிறது. வெறும் ஆறு கிளாக், எட்டு மில்லிசெகண்ட். ஆனால் இரண்டு கார்டும் ஒரு பார் முழுக்கக் குழம்பிப்போகிறது.

நோட்டு லிஸ்டை மட்டும் பார்த்தால் இதில் ஒரு தப்பும் தெரியாது. எல்லாம் நேர்கோட்டில் நிற்கும். ‘குவான்டைஸ் பண்ணினதுக்கு அப்புறம் பியானோ ஏன் அழுக்கா கேக்குது?’ என்று கேட்கிறவர்களில் பாதிப்பேருக்கு நடப்பது இதுதான் என்பது என் கணிப்பு. வழி இரண்டு. பெடல் வரிகளையும் அதே 30 கிளாக் கைமுறையாக நகர்த்துவது ஒன்று. இன்னொன்று, ஒருவர் ஒரே சீராக முந்தித்தான் வாசிக்கிறார் என்றால் குவான்டைஸையே விட்டுவிட்டு, டிராக்கில் உள்ள எல்லா வரிகளையும் ஒன்றாகத் தள்ளும் ‘ஷிஃப்ட் கிளாக்’ ஜாபைப் பயன்படுத்துவது. பெடல், பெண்ட், நோட்டு எல்லாம் கைகோத்து நகரும். கையின் இயல்பும் கெடாது. நான் இரண்டாவதைத்தான் முதலில் முயன்று பார்ப்பேன்.

குவான்டைஸின் வேறு சில சேட்டைகள் காதுக்கு நேராகவே தெரிபவை. திஸ்ர நடையில் வாசித்ததைப் பதினாறாம் பாகக் கட்டத்தில் குவான்டைஸ் அடித்துப் பாருங்கள். திஸ்ரத்தில் அடிகள் 0, 160, 320 என்ற கிளாக்குகளில் விழும். பதினாறாம் பாகக் கட்டத்தில் இருப்பவை 0, 120, 240, 360. 160க்குப் பக்கத்தில் 120, 320க்குப் பக்கத்தில் 360. ஆக 0, 120, 360 என்று நொண்டும் ஒரு நடை கிடைக்கும். எந்தத் தாளக்காரரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். கட்டத்தைத் திரிப்லெட்டுக்கு மாற்றிய பிறகுதான் அடிக்க வேண்டும். ஒரே பாட்டில் இரண்டு நடையும் கலந்து வந்தால் பார் பாராகப் பிரித்து அடிக்க வேண்டும்.

முன்னொட்டு நோட்டுகளும் இப்படித்தான் பலியாகும். ‘ப’வைத் தொடுவதற்கு முன் ‘ம’வை லேசாகத் தட்டிவிட்டுப் போகிறோம், 25 கிளாக் முன்னால். குவான்டைஸ் இரண்டையும் ஒரே இடத்துக்கு இழுத்துவிடும். கொஞ்சலாக இருந்தது இடிபாடாகிவிடும். இவென்ட் லிஸ்டில் அந்த ஒரு வரியை மட்டும் பழைய இடத்துக்கு நகர்த்திக் காப்பாற்றலாம்.

எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் சிங்காரி மேளம் இல்லாமல் ஊர்வலம் நகராது. அந்த மாதிரி ஒரு அடியை ரிதம் பேடில் வாசித்துச் சீக்வென்சரில் ஏற்ற முயன்றோம். வாசித்த தம்பிக்கு நல்ல கை. நூறு சதவீதக் குவான்டைஸ் அடித்ததும் அது தையல் மெஷின் ஆகிவிட்டது. அண்டூ செய்துவிட்டு லிஸ்டைத் திறந்து பார்த்தேன். அவன் ஒவ்வொரு பாரின் கடைசி அடியையும் 15, 20 கிளாக் முந்தித் தட்டியிருந்தான், ஏறக்குறைய எல்லா இடத்திலும். வேகம் ஏறுகிற மாதிரி ஒரு உந்தல் கேட்டதே, அது அங்கே இருந்து வந்தது. குவான்டைஸில் ‘ஸ்ட்ரெங்த்’ என்று ஒரு மதிப்பு உண்டு. ஐம்பது சதவீதம் வைத்தால் 30 கிளாக் விலகியது 15 கிளாக் மட்டும் இழுக்கப்படும். அதை வைத்து மற்ற அடிகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, கடைசி அடிகளைத் தொடாமல் விட்டோம். வில்லுப்பாட்டுக் குடத்தோசையை ஏற்றியபோது ஸ்ட்ரெங்தைக்கூடத் தொடவில்லை. தப்பாக விழுந்த நாலைந்து அடிகளின் வெலாசிட்டியைக் குறைத்ததோடு சரி.

மற்ற கண்ணிகள்

வால்யூம் கன்ட்ரோல் எண் 7, எக்ஸ்பிரஷன் எண் 11. பதியும்போது ஸ்லைடரைத் தொட்டுவிட்டால் 7 பதிவாகிவிடும். அப்புறம் மேடையில் கருவியின் மிக்ஸர் திரையில் ஸ்டிரிங்ஸைக் குறைத்து வைப்பீர்கள். 17ஆவது பார் வந்ததும் அது தானாகப் பழைய அளவுக்குத் தாவும். பேய் பிடித்ததுபோல இருக்கும். பாட்டுக்குள் ஏற்ற இறக்கம் வேண்டுமென்றால் 11ஐப் பயன்படுத்துங்கள். 7ஐப் பாட்டின் தலையில் ஒரே ஒரு தடவை வைத்து, நடுவில் வருவதையெல்லாம் அழித்துவிடுங்கள்.

சுருதி மாற்றும்போது நடப்பது வேடிக்கை. பாடுகிறவர் வந்து “அண்ணே, ஒரு கட்டை ஏத்தணும்” என்பார். ஒரு கட்டை என்றால் பெரும்பாலும் இரண்டு செமிடோன். சரி என்று எல்லா டிராக்குக்கும் டிரான்ஸ்போஸ் ஜாப் போட்டுவிடுகிறோம், டிரம்ஸ் உட்பட. டிரம் டிராக்கில் நோட்டு எண் சுருதி அல்ல, வாத்தியம். 1991இல் வந்த ஜெனரல் மிடி ஒழுங்கின்படி 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹைஹேட், 44 பெடல் ஹைஹேட். இரண்டு ஏற்றினால் கிக் இருந்த இடமெல்லாம் ஸ்னேர் அடிக்கும். ஒருமுறை முழு ஊர் முன்னால் இது எனக்கு நடந்திருக்கிறது. மாப்பிள்ளை ஊர்வலம் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஆகிவிட்டது. ஜெனரல் மிடியில் டிரம்ஸுக்கு ஒதுக்கிய சேனல் 10. டிரான்ஸ்போஸ் பக்கம் போகும்போதெல்லாம் அதை ஒதுக்கி வைப்பது பழக்கமாக வேண்டும்.

இன்னொன்று, போனில் திருத்தம் சொல்வது. குலசேகரத்தில் இருக்கும் நண்பனுக்கு ஒரு ஃபைல் அனுப்பி, “21ஆவது பாரில் ஈ4ஐ எஃப்4 ஆக்கு” என்றேன். அப்படி ஒரு நோட்டே அங்கே இல்லை என்றான். என்னிடம் இருந்தது ரோலண்ட், அவனிடம் யமஹா. நடு சி என்பது மிடியில் எப்போதும் 60தான். ஆனால் ரோலண்டும் கோர்க்கும் அதை சி4 என்கின்றன, யமஹா சி3 என்கிறது. பெயர் ஒரு ஆக்டேவ் தள்ளிப்போகும், எண் தள்ளிப்போகாது. அதற்குப் பிறகு நாங்கள் எண்ணையே சொல்லிக்கொள்கிறோம்: “64ஐ 65 ஆக்கு மக்கா.”

ஒலியைத் தேர்ந்தெடுக்கும் புரோகிராம் எண்ணிலும் இதே கதை. சில கருவிகள் 0இலிருந்து எண்ணும், சில 1இலிருந்து. 1இலிருந்து எண்ணினால் ஜெனரல் மிடியில் 74 புல்லாங்குழல், 75 ரெக்கார்டர். ஒன்று பிசகினால் குழல் பிளாஸ்டிக் பீப்பி ஆகிவிடும். ஒலித் தொகுதியைச் சொல்லும் பேங்க் தேர்வு வரிகள், அதாவது கன்ட்ரோல் 0உம் 32உம், புரோகிராம் வரிக்கு முன்னால் வர வேண்டும். மூன்றும் ஒரே கிளாக்கில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும்போது காப்பி-பேஸ்ட்டில் வரிசை மாறிவிட்டால் கருவி பழைய பேங்கிலேயே எண்ணைத் தேடும். நாகஸ்வரம் கேட்டவனுக்கு டிரம்பெட் கிடைக்கும்.

திருத்தத் தொடங்குவதற்கு முன் சேவ் செய்வதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. இந்தத் தலைமுறை வொர்க்ஸ்டேஷன்கள் பலவற்றில் பாட்டு தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். பவர் போனால் போனதுதான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது மாவட்டத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஊர் பட்ட பாட்டுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை என்றாலும், அன்றைக்கு மேசைமேல் பாதித் திருத்தத்தில் இருந்த மூன்று கேரல் பாட்டுகள் அப்படியே அழிந்தன. கருவியின் அண்டூ பெரும்பாலும் ஒரு படி மட்டும்தான் பின்னால் போகும் என்பதையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு ஜாபுக்கும் முன்னால் வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துவிடுவது நல்லது.

மேலே சொன்ன கோளாறுகளில் பலவற்றுக்கு நான் இப்போது முன்கூட்டியே ஒரு வேலி போட்டுவிடுகிறேன். ஒவ்வொரு பாட்டிலும் முதல் பாரை நோட்டு இல்லாமல் காலியாக விட்டு, ஒவ்வொரு டிராக்கின் அந்தப் பாரிலும் சத்தம் போடாத வரிகளைக் கையால் எழுதுகிறேன்: பேங்க் 0, பேங்க் 32, புரோகிராம், வால்யூம், பேன் (ஒலி இடமா வலமா என்பது), எக்ஸ்பிரஷன் 127, மாடுலேஷன் 0, பெடல் 0, பிட்ச் பெண்ட் 0. எல்லாவற்றையும் ஒரே கிளாக்கில் போடாமல் பத்துப் பத்து கிளாக் இடைவெளி விட்டு இதே வரிசையில். முந்தைய பாட்டு எதைத் தொங்கவிட்டுப் போயிருந்தாலும் அடுத்த பாட்டு தன் தலையிலேயே அதைத் துடைத்துவிடும். பஞ்ச்-இன் செய்த ஒவ்வொரு இடத்தின் முடிவிலும் பெடல் 0, பெண்ட் 0 என்று இரண்டு வரி.

இதனால் எங்கள் பாட்டுகள் எல்லாம் இரண்டாவது பாரில்தான் தொடங்குகின்றன. ஸ்டார்ட் அமுக்கியதும் ஒரு பார் முழுக்க ஒன்றுமே கேட்காது. புதிதாக வரும் மைக் செட் பையன் அந்த நாலு பீட்டுக்குள் கேபிளைப் பிடுங்கி மாட்டப் போவான். கொயர் மாஸ்டர்தான் அவன் கையைப் பிடித்து நிறுத்துவார், “பொறு மக்கா, உள்ள வேல நடக்குது” என்று.